மோகனம் உடனே வந்தது, மாயாமாளவகௌளை மல்லுக்கட்டியது: உகுலேலே நட் காடி இழைப்பு

எந்த வாத்தியம் சீக்கிரம் கைக்கு வரும் என்று கேட்பவருக்கு என் பதில் குட்டி கிட்டார் போன்ற உகுலேலேதான். கீபோர்டில் சுரம் சுத்தமாகப் பேசும், கமகத்துக்கு (சுரத்தை அசைத்து இழைப்பதற்கு) லேசில் வழியில்லை. புல்லாங்குழலில் காற்று பிடிபடவே நாள் ஆகும். பறையில் முதல் நாளே அடி விழும், ஆனால் லைன் வீட்டில் வைத்துப் பழக முடியாது. உகுலேலேயில் நாலே நைலான் தந்தி, விரல் நுனி கிழியாது.

ஒரு கட்டை சுருதிக்காரருக்கு, அதாவது சி-யை ச-வாக வைப்பவருக்கு, இன்னொரு லாபம். ஜி, சி, ஈ, ஏ தந்திகளை அழுத்தாமல் மீட்டினால் வருவது ப, ச, க, த. மோகன ராகத்துக்குத் தேவையான ஐந்து சுரத்தில் நாலு சும்மாவே கிடைக்கிறது. சி தந்தியின் 2-வது மெட்டு (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி, ஃப்ரெட்) ரி, ஈ தந்தியின் 3-வது மெட்டு ப, ஏ தந்தியின் 3-வது மெட்டு மேல் ச. மூன்று இடத்தில் விரல் வைத்தால் ஆரோகணம் முடிந்தது.

ஆரம்பப் பாடமான சரளி வரிசைக்கு வந்தால்தான் வம்பு. அது அமைந்த ராகமான மாயாமாளவகௌளையின் சுத்த ரிஷபம் சி தந்தியின் 1-வது மெட்டில், சுத்த மத்யமம் ஈ தந்தியின் 1-வது மெட்டில். என் உகுலேலேயில் இரண்டும் சுருதி விலகிப் புளித்தன. ட்யூனரில் திறந்த தந்தி சரியாக நிற்க, முதல் மெட்டில் சி 28 சென்ட் (ஒரு சென்ட் என்பது அடுத்தடுத்த இரண்டு மெட்டு இடைவெளியில் நூறில் ஒரு பங்கு), ஈ 24 சென்ட் ஏற்றம். 3-வது மெட்டில் 6 சென்ட்தான். மோகனத்தில் முதல் மெட்டே வராததால் குறை தெரியாமலே இருந்திருக்கிறது. எஃப் கார்டு கரகரக்கிறது என்று விரலைத் திட்டுபவர்களும் முதலில் இதைப் பார்க்க வேண்டும். அதிலும் ஈ தந்தியின் முதல் மெட்டுதான்.

காரணம் நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் கட்டை, உயரமாக இருப்பது. அதில் தந்தி உட்காரும் வெட்டுதான் காடி; அதன் ஆழம் போதாவிட்டால் முதல் மெட்டைத் தொட தந்தியை அதிகம் அமுக்க வேண்டும். அந்த இழுவையில் சுருதி ஏறும். மேலே போகப் போக இழுவை குறையும். 12-வது மெட்டிலும் அதே அளவு ஏறினால் நட்டைத் தொடாதீர்கள், கோளாறு தந்தியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம். சோதனை எளிது: 2-க்கும் 3-க்கும் நடுவே தந்தியை அமுக்கிவிட்டு முதல் மெட்டின் மேல் இடைவெளியைப் பாருங்கள். ஒரு வெள்ளைத்தாள் நுழைந்தால் போதும். என்னுடையதில் இரண்டு விசிட்டிங் கார்டு நுழைந்தது.

நட் அரம் என்று ஆன்லைனில் விற்பது உகுலேலேயை விட விலை அதிகம். மதுரையில் வெல்டிங் சாமான் கடையில் கேஸ் கட்டர் நாசில் குத்தும் ஊசி செட் கேட்டால் கொடுப்பார்கள், அதே வேலை செய்யும். ஊசியில் போட்டிருக்கும் அளவை நம்பாமல் வெர்னியர் காலிப்பரில் அளக்கவும். சி தந்தி 1.0 மி.மீ. என்றால் 1.1 ஊசி, ஈ 0.8 என்றால் 0.9. காடி குறுகினால் தந்தி கவ்விக்கொண்டு 'டிக்' என்று சுருதி தாவும்.

தந்தியை இரண்டு சுற்று தளர்த்தி ஒதுக்கி, காடியில் ஊசியால் ஐந்து இழுப்பு மட்டும். திரும்பப் போட்டு, சுருதி கூட்டி, அளந்து, மறுபடி ஐந்து. ஊசி பிருடைப் (தந்தி முறுக்கும் முளை) பக்கம் சரிந்தே ஓட வேண்டும். தந்தி மெட்டுப் பக்க விளிம்பில் மட்டும் உட்கார வேண்டும். இந்தச் சாய்வில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். காடி தட்டையாகிவிட்டால் தம்புராவில் பிரிட்ஜுக்கும் தந்திக்கும் நடுவே வைக்கும் ஜீவா நூல் தருவது போல ஜிய்ய்ங் என்று இழுக்கும். தம்புராவுக்கு அது உயிர், இங்கே கேடு.

ஈ காடியில் இந்த இழைப்பு ஒரு தடவை கூடிப்போய், திறந்த தந்தி முதல் மெட்டில் உரசியது. அதற்கு ஆப்ப சோடா இருக்கிறது. சுற்றிலும் டேப் ஒட்டி, காடியில் சோடாவை அமுக்கி நிரப்பி, தண்ணி மாதிரி இருக்கும் சூப்பர் க்ளூ ஒரே சொட்டு. நொடியில் கல்லாகும்; புகை கண்ணில் படாமல் முகத்தை விலக்கிக்கொள்ளவும். பத்து நிமிடம் விட்டு மறுபடி இழைத்ததில் ஈ இப்போது 4 சென்ட், சி 5. மத்யமம் தேன்.

வேலை முடிந்ததும் கத்திரி வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிடாதீர்கள். பிரிட்ஜ் பசை இளகிப் பெயர்ந்து வரும்.

அடுத்து மானாமதுரை கடம். சூளையில் வெந்த பிறகு அதன் சுருதியைப் பெரிதாக மாற்ற முடியாது என்பதால், ட்யூனரைக் கையில் எடுத்துப் போய்த் தட்டிப் பார்த்து ஒரு கட்டைக் கடமாகவே பொறுக்க வேண்டும். உகுலேலேயுடன் சேர அதுதான் சரி.

அதற்குள் ஏ, ஜி காடிகள் பாக்கி. ஏ 9 சென்ட்டில் நிற்கிறது. ஜி-க்கு 0.8 ஊசி வேண்டும். செட்டில் இருந்தது வளைந்துவிட்டது.