ஸ்டியரிங் ஆட்டம்: ரேக்கைத் தொடாமல் சரிசெய்த அனுபவம்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில், குஞ்சப்பனையைத் தாண்டிய பிறகு, எங்கள் பழைய மாருதி 800இன் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்கள் சற்றுத் தாமதித்தே திரும்புவதைக் கவனித்தேன். ஸ்டியரிங் ஆட்டம் என்று சொல்லும் அந்தத் தாமதம் நேர்ச்சாலையில் பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் வளைவில் எதிரே பேருந்து ஏறி வரும்போது, இடப்பக்கம் ஒதுங்குவதற்குத் தேவைக்கு மேல் ஒடித்து, உடனே திரும்ப நேராக்க வேண்டியிருந்தது.

முதலில் காட்டிய பட்டறையில், வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், "ரேக்கை டைட் வைத்துவிட்டால் போதும்" என்றார்கள். இந்த வண்டியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. பினியன் என்ற சிறிய பல்சக்கரம், ரேக் என்ற பல்தண்டை இடமும் வலமும் தள்ளுகிறது, அவ்வளவுதான். ரேக்கைப் பினியனோடு அழுத்திப் பிடிப்பதற்கு ஒரு திருகு உண்டு. அவர்கள் இறுக்க நினைத்தது அதைத்தான். மலையில் ஓட்டுபவர்கள் இதற்கு எளிதில் சம்மதிக்கக் கூடாது என்பது என் கருத்து. ரேக்கின் பற்கள் நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்கின்றன, ஓரங்களில் அவ்வளவாகத் தேய்வதில்லை. நடுவில் உள்ள ஆட்டம் மறையும் அளவுக்குத் திருகை இறுக்கினால், முழுவதுமாக ஒடிக்கும் இடத்தில் பினியன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவு முடிந்ததும் தானாக நேருக்கு வர வேண்டிய ஸ்டியரிங், வராமல் நின்றுவிடும். ஆட்டமாவது ஓட்டுபவருக்கு முன்கூட்டியே தெரிகிறது. இது வளைவுக்குள் போன பிறகுதான் தெரியும்.

ஆகவே அரவேணுவில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் முதலில் டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்தார். காற்று குறைந்தாலும் வண்டி இப்படித்தான் அலையும் என்றார். பிறகு சக்கரங்களை நேராக நிறுத்தி, ஸ்டியரிங் விளிம்பில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, பக்கத்தில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, சக்கரம் அசையத் தொடங்கும் வரை விளிம்பை இரு புறமும் மெல்ல நகர்த்தச் சொன்னார். 30 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கலாம். எங்கள் வண்டியில் அது ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது.

அதன் பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினார். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது அசைவே இல்லை. மேலும் கீழுமாக ஆடினால் வீல் பேரிங் அல்லது சக்கரத்தைக் கீழே தாங்கும் குண்டு மூட்டான கீழ் பால் ஜாயிண்ட் மீது சந்தேகப்பட வேண்டும். பிரேக்கை மிதித்ததும் அந்த ஆட்டம் நின்றால் பேரிங்தான் என்று வைத்துக்கொள்ளலாம். இடமும் வலமும் பிடித்து ஆட்டியபோது, இடது சக்கரம் மட்டும் 'டக்' என்ற சத்தத்தோடு அசைந்தது.

வண்டியை மறுபடி தரையில் இறக்கி, என்னை உள்ளே உட்காரவைத்து, ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாக இரு பக்கமும் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, அவர் ஒவ்வொரு ஜாயிண்டின் மீதும் விரலை வைத்துப் பார்த்தார். "தம்பி, ஆட்டத்தைக் கண்ணு தவறவிடும், விரல் தவறவிடாது" என்றார். சிறிது நேரத்தில் என்னைக் கீழே வரச்சொல்லி, என் விரலையும் இடது டை ராடு எண்டின் மீது, அதாவது ரேக்கிலிருந்து வரும் தண்டைச் சக்கரத்தின் கையோடு இணைக்கும் குண்டு மூட்டின் மீது, வைக்கச் செய்தார். தண்டு நகர்ந்த பிறகே சக்கரத்தின் கை நகர்வது தெளிவாகத் தெரிந்தது. இரண்டுக்கும் இடையில் உள்ளே இருந்த குண்டு தன் கிண்ணத்தில் முட்டுவது விரல்நுனியில் உறைத்தது. அதன் ரப்பர் உறையான பூட் கிழிந்து, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருவும் சேறுமாக இருந்தது. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் பகுதி; பூட் ஒருமுறை கிழிந்துவிட்டால் மலைச்சாலைச் சேற்றுநீர் உள்ளே போகாமல் இருக்காது.

ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் அது ஒன்றே காரணமில்லை. ஸ்டியரிங் தண்டின் கீழ் முனையைப் பினியனோடு இணைக்கும் ஜாயிண்டில், பற்களை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டும் தளர்ந்திருந்தது. பற்கள் தேயவில்லை என்று உறுதிசெய்த பிறகே அதை இறுக்கினார். தேய்ந்திருந்தால் ஜாயிண்டையே மாற்ற வேண்டும், இறுக்கிப் பயனில்லை.

டை ராடு எண்டை இரு பக்கமும் சேர்த்து மாற்றினோம். நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னை உருவி, நட்டைத் தளர்த்தி, கையின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கித் தட்டியதும் எண்டு கழன்றது. பழையதைத் திருகிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றினார். சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் பார்க்கும் இடம் வரை வண்டி ஓரளவாவது நேராக ஓட வேண்டுமல்லவா! பழைய பின்னை மறுபடி போடாமல் புதியதைப் போட்டதும் எனக்குப் பிடித்திருந்தது.

மேட்டுப்பாளையத்தில் வீல் அலைன்மென்ட் செய்த பிறகு திரும்பி ஏறும்போது, ஸ்டியரிங் அசைந்த கணமே வண்டி திரும்பியது, வளைவு முடிந்ததும் தானாக நேருக்கு வந்தது. ரேக்கின் திருகை யாரும் தொடவே இல்லை. வலப்பக்கம் ரேக்கின் ரப்பர் உறையில் மெல்லிய வெடிப்பு ஒன்று இருப்பதாக அண்ணன் காட்டியிருந்தார். ஐப்பசி மழைக்கு முன்பே அதை மாற்றுவதற்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.