பூனைக்கு வயிற்று ஸ்கேன்: எந்தக் கணு என்று கேட்டு வாங்குங்கள்

“வயிற்றுக்குள் நிணநீர்க்கணுக்கள் வீங்கியுள்ளன.” எங்கள் பூனையின் முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்தது இந்த ஒரு வரிதான். எந்தக் கணு, எவ்வளவு தடிமன், ஒன்றும் கிடையாது. அதைத் தூக்கிக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் போனால், “இதை வைத்து நான் என்ன சொல்ல? மறுபடி எடுத்துட்டு வாங்க” என்றார். எரிச்சல் வந்தாலும் அவர் கேட்டது நியாயம்தான்.

உறுப்புகளிலிருந்து வரும் நிணநீரை வடிகட்டும் இந்தக் கணுக்கள் பூனையின் வயிற்றில் பல இடங்களில் இருக்கின்றன. சிறுகுடலைத் தாங்கும் சவ்வுக்குள், ரத்தக்குழாய்களை ஒட்டி நீளவாக்கில் கிடப்பவைதான் அவற்றில் பெரியவை. சிறுகுடலின் நிணநீர் அங்கேதான் போய்ச் சேர்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் சில, கல்லீரல் வாசலில் சில. பெருந்தமனி பின்னங்கால்களுக்குப் பிரியும் இடத்தில் இருப்பவை இடுப்புக்கும் பின்னங்கால்களுக்கும் உரியவை. எது வீங்கியது என்று தெரிந்தால்தானே கோளாறை எங்கே தேடுவது என்று தெரியும்! மறு ஸ்கேனில் விஷயம் தெளிவானது: சிறுகுடல் கணு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது, குடல் சுவரின் தசை அடுக்கும் தடித்திருந்தது.

அப்புறம் கணுவில் ஊசி வைத்து செல் எடுத்தார்கள். சீக்கிரம் முடிந்தது. ஆனால் ரிப்போர்ட்டில், சாயம் சரியாக ஏறவில்லை, எதுவும் சொல்ல முடியாது என்று வந்தது. விசாரித்தால், வேறொரு பிராணியின் திசுவைக் கெடாமல் போட்டு வைத்த ஃபார்மலின் திரவ பாட்டிலோடு எங்கள் ஸ்லைடுகளையும் ஒரே பெட்டியில் அனுப்பியிருக்கிறார்கள். ஃபார்மலின் ஆவி பட்டாலே ஸ்லைடு கெட்டுவிடும். தனியாக அனுப்பச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள், கூச்சப்படாதீர்கள்.

இதற்கிடையே “சும்மா ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுடலாமா?” என்று கேட்டார்கள். பரிசோதனை முடியட்டும் என்று மறுத்துவிட்டோம். லிம்போமாவாக, அதாவது நிணநீர்ச் செல்களின் புற்றுநோயாக இருந்தால் ஸ்டீராய்டு அந்தச் செல்களைக் குறைத்து, முடிவையே குழப்பிவிடும். மறுத்ததில் இன்றைக்கும் திருப்திதான்.

இரண்டாவது மாதிரியில் சின்ன லிம்ஃபோசைட்டுகள் (ஒருவகை வெள்ளையணுக்கள்) மட்டும். அழற்சியிலும் அப்படித்தான் இருக்கும், சிறுசெல் லிம்போமாவிலும் அப்படித்தான். ஊசியில் எடுக்கும் மாதிரி அதற்கு மேல் எதுவும் சொல்லாது என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். வயிற்றைத் திறந்து குடல் சுவரிலும் கணுவிலும் பயாப்சி எடுத்த பிறகே சிறுசெல் லிம்போமா என்று உறுதியானது.

இப்போது பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும் குளோராம்புசில் என்ற புற்றுநோய் மருந்தும் போகின்றன, எடை ஏறுகிறது. குளோராம்புசில் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம், கையுறை போட்டே கொடுங்கள். இதையும் நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.