மாமாவின் உருமிப் பதிவுகளும் ஒரு சண்டித்தன டிஸ்க்கும்

ஹார்ட் டிஸ்க் மக்கர் பண்ணினால் உடனே வந்து விழும் யோசனை, "ஃபிரீசரில் வை". ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் தாய்மாமாவுக்கும் புலனத்தில் யாரோ அப்படி ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். நல்லவேளை, மாமி ஃபிரீசரில் இடம் தரவில்லை. நம் பினாங்கு ஈரக்காற்றில், உறைந்த டிஸ்க்கை வெளியே எடுத்தால் ஐஸ் காச்சாங் கிண்ணம் மாதிரி வியர்த்துக் கொட்டும். சாதாரண டிஸ்க்கின் மூடியில் காற்று போய்வரச் சின்னத் துளை இருக்கிறது, ஈரம் உள்ளேயும் போகும். உள்ளே சுழலும் தட்டுக்கும் படிக்கும் தலைக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான்.

மாமா உருமி மேளக் குழு நடத்துகிறார். திருமணம், கோயில் திருவிழா, தண்ணீர்மலைத் தைப்பூசம் எல்லாம் ஒரு டெராபைட் வெளி டிஸ்க்கில் இருந்தன. குழுவின் ஸ்பீக்கர் பெட்டிகளோடு வேனில் வெந்து வளர்ந்த டிஸ்க். அதில் 2020 பிப்ரவரி தைப்பூசம்தான் அவருக்கு உயிர். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக்கு முன்னால் நடந்த கடைசித் தைப்பூசம் அது. அவருக்கு உருமி சொல்லிக்கொடுத்த ஆசான் கடைசியாக வாசித்ததும் அதில்தான்.

டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனாராம். "ஃபார்மட் பண்ணினா சரியாயிடும் அங்கிள்" என்றார்களாம். டிஸ்க் சரியாகலாம், ஆசான் போய்விடுவார். பையைத் தூக்கிக்கொண்டு நேராக ஜெலுத்தோங்கில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

முதலில் காதைக் கிட்டே வைத்துக் கேட்டேன். 'டக், டக்' என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் பெரும்பாலும் தலை போயிருக்கும். அப்போது உடனே நிறுத்திவிட வேண்டும். தூசியில்லாத அறையில், அதே மாடல் டிஸ்க்கிலிருந்து தலையை எடுத்து மாற்றும் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும், அதற்கு நிறைய வெள்ளி ஆகும். மாமாவின் டிஸ்க் ஒழுங்காகத்தான் சுற்றியது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள், அதாவது தட்டின் சின்னச் சின்னத் துண்டுகள், நூற்றுக்கணக்கில் இருந்தன. சரி, தட்டில் புண், தலை உயிரோடு இருக்கிறது.

"அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் முதல்ல எடுத்துடு மாப்ள" என்றார். நான் மாட்டேன் என்றேன். கோப்பு கோப்பாக எடுக்கப் போனால் தலை அங்கும் இங்கும் தாவும், கெட்ட இடத்தில் மாட்டிக்கொண்டு அங்கேயே முட்டிக்கொண்டு கிடக்கும். முனையிலிருந்து வரிசையாக முழு டிஸ்க்கையும் படியெடுப்பதுதான் அதற்கு நோகாத வழி. விண்டோஸில் மாட்டினால் தானாகவே திறந்து பார்க்கும், பிழை திருத்தவா என்று கேட்கும். திருத்துவது என்றால் சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எழுதுவது. அதனால் லினக்ஸ், அதில் பழுதான டிஸ்க்கைப் படியெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். இலவசம்தான். காசு கொடுத்து வாங்கும் பல மென்பொருளைவிட எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை.

அதன் அழகு என்னவென்றால், முதல் சுற்றில் நல்ல இடத்தையெல்லாம் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடும், அப்புறம்தான் திரும்பி வந்து ஓரங்களைச் சுரண்டும். எது வந்தது, எது வரவில்லை என்று தனிக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல டிஸ்க் என்றால் ஒரு டெராபைட்டை மூன்று மணி நேரத்தில் படியெடுத்துவிடலாம். இது இரவு பகலாக ஓடியது. மேசை விசிறியை அதன் மேல் திருப்பி வைத்தேன், எனக்குத்தான் வியர்த்தது. கெட்ட பகுதியில் வேகம் சில கிலோபைட்டுக்கு இறங்கியபோது, கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் வந்தது.

வராத துண்டுகள் எந்தக் கோப்பில் விழுந்தன என்று தெரிய வேண்டுமே. அதற்கும் இதிலேயே ஒரு வழி இருக்கிறது. படியின் இன்னொரு நகலில், ஓட்டை விழுந்த இடங்களில் மட்டும் நாம் கொடுக்கும் சொல்லை எழுதி நிரப்பும். அந்தச் சொல்லைத் தேடினால் அடிபட்ட கோப்புகள் அகப்படும். 'பழுது' என்று நிரப்பித் தேடினேன்.

தைப்பூசப் பதிவில் ஓரிடத்தில் படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது, அவ்வளவுதான். உருமி நிற்கவில்லை. மாமா அதைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லி, ஆசானின் குச்சி தோலை உரசி ஏறும் இடம் வரும்போதெல்லாம் என் தொடையில் தட்டினார்.

ஒரு திருமண வீடியோதான் வசமாக மாட்டியது. எம்பி4 கோப்பின் உள்ளே எந்த நொடி எங்கே இருக்கிறது என்று ஓர் அட்டவணை இருக்கும். ஓட்டை சரியாக அதன்மேல் விழுந்ததால் கோப்பு திறக்கவே இல்லை. அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்து அட்டவணையைத் திரும்பக் கட்டினேன். படம் வந்துவிட்டது, ஆனால் தாலி கட்டுவதற்கு முன்னாலேயே கெட்டிமேளம் கேட்கிறது. பொண்ணு வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை.

"கேட்டா சொல்லிக்கலாம் மாப்ள" என்கிறார் மாமா.