தானே எரியும் விளக்கும் வடிவமைப்பு மாணவர்களும்

வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்கு மின்னணுவியலை ஓமின் விதியிலிருந்து தொடங்கிக் கற்பிப்பதைவிட, முதல் வகுப்பிலேயே எதையேனும் இயங்கவைத்து, அது ஏன் கோணலாக நடந்துகொள்கிறது என்று தேடவிடுவதே மேல் என்பது என் கருத்து. இத்தாலியின் இவ்ரேயா நகரில் இருந்த ஊடாட்ட வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில் 2005-இல், நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறிய மின்னணுப் பலகையான ஆர்டுயினோ உருவானதும் இத்தகைய மாணவர்களை மனத்தில் வைத்துத்தான். (அதற்கு அடித்தளமான வயரிங் என்ற பலகையும் நிரல் சூழலும் அங்கே எர்னாண்டோ பாரகன் தம் முதுநிலை ஆய்வுக்காக 2003-இல் தொடங்கியது, அவர் பெயரைப் பலரும் சொல்வதில்லை.)

நான் கொடுக்கும் முதல் வேலை, இருட்டினால் தானே எரியும் மேசை விளக்கு. பற்றவைக்காமல் செருகி இணைக்கும் பிரெட்போர்டில், 5 வோல்ட் பக்கம் ஓர் எல்.டி.ஆர். (வெளிச்சம் கூடினால் தடை குறையும் உணரி), கிரவுண்ட் எனப்படும் 0 வோல்ட் பக்கம் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) என இணைத்து, இரண்டும் சேரும் புள்ளியின் மின்னழுத்தத்தை ஆர்டுயினோ ஊனோ என்ற பலகையில் படித்தால், வெளிச்சத்துக்கேற்ப 0 முதல் 1023 வரைக்குள் ஓர் எண் கிடைக்கும். அது 400-க்குக் கீழே இறங்கினால் எல்.இ.டி. எரியட்டும் என்று மாணவர் நிரல் எழுதுவார். அந்தி வேளையில் விளக்கு எரிந்ததும் அதன் வெளிச்சமே எல்.டி.ஆர். மேல் விழுந்து, எண் 400-ஐத் தாண்டி, விளக்கு அணைந்து, மீண்டும் எரிந்து, ஓயாமல் துடிக்கத் தொடங்கும். இணைப்பும் சரி, நிரலும் சொன்னபடிதான் நடக்கிறது. ஆனாலும் அந்த விளக்கை யாரும் மேசையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

எரிவதற்கு 350, அணைவதற்கு 500 என இரண்டு எல்லைகள் வைத்தால் துடிப்பு நிற்கும். ஆனால் அந்த இடைவெளி, விளக்கின் சொந்த வெளிச்சம் கூட்டும் எண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லையேல் எல்.டி.ஆரை நிழலான இடத்துக்கு மாற்ற வேண்டும், அப்போது விளக்கின் உருவமே மாறும். எழுதுபவர் குனியும்போது விழும் நிழலுக்கெல்லாம் விளக்கு எரிய வேண்டுமா, எத்தனை விநாடி பொறுத்திருக்க வேண்டும் என்பவை வடிவமைப்பாளர் விடை சொல்ல வேண்டிய கேள்விகள். பொறுத்திருக்க, நிரலையே நிறுத்திவைக்கும் டிலே (delay) கட்டளையைப் போட்டால், அந்த நேரத்தில் பொத்தானை அழுத்தினாலும் நிரல் கவனிக்காது. பலகை இயங்கத் தொடங்கியதிலிருந்து கடந்த மில்லிவிநாடிகளைச் சொல்லும் மில்லிஸ் (millis) கொண்டு நேரத்தை ஒப்பிடும் முறையின் தேவை அங்கேதான் மாணவருக்கு உறைக்கிறது.

ஓமின் விதியும் தானாக வந்து சேரும்: எல்.இ.டி.க்கு 220 ஓம் ரெசிஸ்டர் ஏன் என்று கேட்கும் அன்று. மின்வழங்கல் பற்றிய பாடமும் அப்படித்தான்: சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டார் திரும்பும்போதெல்லாம் பலகை மறுபடி முதலிலிருந்து தொடங்கினால், மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தால் பலகையின் மின்னழுத்தம் சரிகிறது என்று பொருள்; மோட்டாருக்குத் தனி மின்வழங்கியும் இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டும் தேவை.

மதிப்பீட்டின்போது செயல்முறை விளக்கக் காணொளியை நான் ஏற்பதில்லை. முன்மாதிரியை அதற்குமுன் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அதைச் செய்த மாணவர் வாய் திறவாமல் நின்று, அந்தப் புதியவரின் கை முதலில் எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். சுற்று வரைபடத்தின் அழகைவிட அந்தக் குறிப்புக்கே அதிக மதிப்பெண்.