மூன்றாம் தட்டு ஐஸ் ஹாக்கி: வாரக்கூலியும் சாணையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்த் திடலில் ஹாக்கி மட்டை பிடிக்கிற பையன்களுக்கு, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் மேல்தட்டு லீக்கான என்எச்எல் தெரியும். கைபேசியில் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே ஏஎச்எல், அதற்கும் கீழே ஈசிஎச்எல் என்று இன்னும் இரண்டு தட்டு லீக் இருப்பது அவ்வளவாகத் தெரியாது. அமெரிக்கா, கனடாவில் ஐஸ் ஹாக்கியை வைத்துப் பிழைப்பவர்களில் பலர் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஈசிஎச்எல் 1988-இல் தொடங்கியது. அதன் கணக்கு ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். சம்பளம் வாரக்கூலி. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை 72 ஆட்டம், அதோடு கூலி நின்றுவிடும். குடியிருக்க வீடு கிளப் கொடுக்கும். தோட்டத்தின் லயத்து வீடு மாதிரிதான், வேலை போனால் வீடும் போச்சு. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் தொடர்ந்து ஆட்டம் விழுவதுண்டு. நடுவில் தூக்கமெல்லாம் பஸ்ஸில்.

மேலே போக வழி உண்டு. ஏஎச்எல் அணியில் யாருக்காவது அடிபட்டால் 25 ஆட்டச் சோதனை ஒப்பந்தத்தில் கூப்பிடுவார்கள். அடிபட்டவர் தேறி வந்ததும் திரும்பிப் பஸ் ஏற வேண்டியதுதான்.

இன்னொரு விதி பலரை வீட்டுக்கு அனுப்பிவிடும். தொழில்முறையில் 260 ஆட்டம் ஆடியவர் மூத்தவர். ஓர் ஆட்டத்தில் ஓர் அணி நான்கு மூத்தவர்களைத்தான் இறக்கலாம். கோல் கீப்பருக்கு இது இல்லை. வருடம் 72 என்றால் நாலாவது சீசனிலேயே 260 வந்துவிடும். இளையவர்களுக்கு இடம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் கையில் தொழில் படிகிற நேரத்தில் ஆளைக் கழித்துவிடுகிறார்களே.

ரப்பர் பால்வெட்டுக் கத்தி தீட்டியவர்களுக்கு, பிளேடு பூட்டிய ஐஸ் காலணியான ஸ்கேட்டின் சாணை எளிதில் விளங்கும். பிளேடின் அடிப்பக்கம் தட்டையல்ல. நடுவில் நீளவாக்கில் ஒரு குழி, இரு ஓரமும் வெட்டு முனை. குழி, அரை அங்குல ஆரமுள்ள வட்டத்தின் வளைவாக இருப்பது பொது அளவு. ஆரம் 3/8 அங்குலம் என்றால் குழி ஆழமாக இருக்கும். ஐஸைக் கவ்வும், திருப்பம் கூர்மை, ஆனால் கால் சீக்கிரம் சோரும். 5/8 வழுக்கிக்கொண்டு ஓடும், சட்டென்று நிறுத்தும்போது சறுக்கும். எடை கூடியவர் தானாகவே ஐஸில் அழுந்துவதால் அவருக்குக் குழி ஆழம் குறைவாக இருப்பது நல்லது.

சாணை முடிந்ததும் பக்கவாட்டில் பிசிறு நிற்கும். நைசான கல்லைப் படுக்கவைத்து இழுத்து எடுக்க வேண்டும். பிறகு பிளேடின் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்துப் பாருங்கள். நாணயம் சாய்ந்தால் ஓர் ஓரம் உயரம், திருப்பத்தில் கால் ஒரு பக்கம் வழுக்கிப்போகும். மறுபடி சாணைதான்.

நம் பக்கத்துப் பையன்கள் சன்வே பிரமிட் ஐஸ் திடல் வரை போய் ஆடித் திரும்பும்போது செய்கிற தவறு, ஈர பிளேடுக்கு பிளாஸ்டிக் உறை மாட்டுவது. உள்ளே தண்ணீர் தங்கி, நம்மூர்ப் புழுக்கத்தில் துரு ஏறிவிடும். பிளாஸ்டிக் உறை ஐஸுக்கு வெளியே நடக்க மட்டும். துணியால் துடைத்து, துணி உறை போட்டு வையுங்கள்.