பரணிலிருந்து இறங்கிய ஸ்பெக்ட்ரமும் காணாமல் போன 30ஆம் வரியும்

போகிக்குப் பரணைக் காலி செய்தபோது, கிழிந்த வேட்டி ஒன்றில் சுற்றிக் கிடந்தது இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம். டிவியைத் திரையாகவும் கேசட்டைச் சேமிப்பாகவும் வைத்துக்கொள்ளும் பழைய கம்ப்யூட்டர். கூடவே ஒரு கேசட், ஒரு 40 பக்க நோட்டு. "இதையும் எரிச்சிடலாமா?" என்று மகன் கேட்டான். கால்குலேட்டர் என்று நினைத்துவிட்டான் போல. அவன் கையிலிருந்து பிடுங்கிய நிமிஷத்தில் தொடங்கியது இந்த வேலை.

கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா 1985-இல் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது. 1982 ஏப்ரலில் அங்கே வெளியானபோது 48கே மெமரி மாடல் 175 பவுண்டு. சித்தப்பா வாங்கியது செகண்ட் ஹேண்ட். சென்னைக்கு வந்தும் மூன்று வாரம் அது சும்மாதான் கிடந்தது. எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் வி.எச்.எஃப். மட்டும்தான் உண்டு, தூர்தர்ஷனுக்கு அது போதும். ஸ்பெக்ட்ரமோ யு.எச்.எஃப். 36ஆம் சேனலில் படம் அனுப்பும். தெருமுனை மெக்கானிக் எங்கிருந்தோ ஒரு ட்யூனரைத் தேடிப்பிடித்து மாட்டிக் கொடுத்த பிறகுதான் படம் வந்தது.

இப்போது எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. 1987-இல் பெரியப்பா மகனான அண்ணனும் நானும் எழுதிய கிரிக்கெட் புரோகிராம் அந்தக் கேசட்டில் இருக்கிறது, அது மறுபடி ஓட வேண்டும். நோட்டில் பார்த்து டைப் அடித்துவிடலாம் என்றால், முதல் பக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் பூச்சி தின்றுவிட்டது.

முதல் ஞாயிறு. பழைய அடாப்டரை நம்பத் தைரியம் இல்லை. புதிதாக 9 வோல்ட் ஒன்று வாங்கினேன். செருகுமுன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தது நல்லதாயிற்று. ஸ்பெக்ட்ரத்தின் பவர் சாக்கெட்டில் நடுவில் மைனஸ், கடை அடாப்டரில் நடுவில் பிளஸ். வயரை வெட்டி மாற்றி ஒட்டினேன். இதை யாராவது செய்வதாக இருந்தால், இந்த ஒரு இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

ஸ்விட்ச் போட்டேன். கட்டம் கட்டமாகக் குப்பை, அவ்வளவுதான். ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி மேல் மூடியைத் தூக்கியபோது அடுத்த சேதாரம்: கீபோர்டின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மெம்ப்ரேனின் வால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. தப்பு என்னுடையதுதான், மெதுவாக இழுத்திருக்கலாம். நல்லவேளை, புது மெம்ப்ரேன் இன்னமும் தயாரிக்கிறார்கள். ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ரப்பர் கீகளின் இடுக்கில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. சுரண்டிப் பார்த்தால் சந்தனம். ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த பொட்டு! பாதியைச் சுரண்டாமல் விட்டுவிட்டேன்.

குப்பைப் படத்துக்குக் காரணம் தேட இரண்டு ஞாயிறு போனது. இதில் முதல் 16கே மெமரிக்கு 4116 என்ற சிப்கள், மொத்தம் எட்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று விதமான வோல்டேஜ் வேண்டும்: 1ஆம் காலில் மைனஸ் 5, 8ஆம் காலில் 12, 9ஆம் காலில் 5. என்னுடையதில் 5 சரியாக இருந்தது, 12 வரவே இல்லை. அந்த 12-ஐ உண்டாக்கும் சர்க்யூட்டில் டி.ஆர்.4 என்ற டிரான்சிஸ்டர் செத்திருந்தது. வயசு, வேறென்ன. ரிச்சி தெருவில் அரைநாள் அலைந்து அதையும், கெபாசிட்டர்கள் ஒரு செட்டும் வாங்கினேன். சால்டரிங் அயர்ன் பிடித்து வருஷக்கணக்காகிறது. கை நடுங்கியது, ஆனாலும் ஒட்டிவிட்டேன். படத்தை டிவி சேனலாக மாற்றும் மாடுலேட்டர் வழியாக அனுப்பாமல், அதற்குமுன் இருக்கும் வீடியோ சிக்னலையே எடுத்து இன்றைய டிவியின் ஏ.வி. சாக்கெட்டில் கொடுத்தேன்.

வெள்ளைத் திரை. அடியில் 1982 என்று காப்பிரைட் வரி. வீட்டில் யாரும் கைதட்டவில்லை. நானே தட்டிக்கொண்டேன்.

மெம்ப்ரேன் வந்து மாட்டியதும் விரல்கள் தானாகவே போயின. ஜே-யைத் தட்டினால் 'லோட்' என்ற முழுச் சொல்லும் வந்து விழும், எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டியதில்லை. பிறகு மேற்கோள் குறிகளுக்கு, சிம்பல் ஷிஃப்ட்டோடு இரண்டு முறை பி. மொபைல் நம்பரை மறந்தாலும் இது மறக்கவில்லை.

டேப் ரெக்கார்டர்தான் உயிரை வாங்கியது. அதன் பெல்ட் உருகித் தார் மாதிரி ஆகியிருந்தது. புது பெல்ட் போட்டு, ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, கேசட்டைப் போட்டேன். சினிமாப் பாட்டுக் கேசட் அது. பதிவை அழிக்க முடியாதபடி உடைத்துவிட்டிருந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டி அதன்மேல் பதிந்திருக்கிறோம். எந்த புரோகிராம் எந்தக் கவுண்டர் எண்ணில் என்று நோட்டில் இருக்கிறது, ஆனால் அது வேறு ரெக்கார்டரின் கவுண்டர். இதில் எதுவும் பொருந்தவில்லை. காதால்தான் தேட வேண்டியிருந்தது. நாலு வரிப் பாட்டு, கிர்ரென்று ஓட்டம், பிறகு உடையாத என் குரல்: "கிரிக்கெட், கடைசி ஓவர், மூணாவது." அதற்குப் பின்னால் அந்த நீளமான 'பீ...' சத்தம்.

"ஆர் டேப் லோடிங் எரர்." ஒன்பது முறை. வால்யூமைக் கூட்டினேன், குறைத்தேன், ட்ரெபிளை முழுக்க ஏற்றினேன். கடைசியில் பழைய வைத்தியம்: டேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹெட்டின் பக்கத்திலிருக்கும் சின்ன ஸ்க்ரூவை இம்மி இம்மியாகத் திருப்பி, சத்தம் எங்கே கூர்மையாகிறதோ அங்கே நிறுத்துவது. பத்தாவது முறை பார்டரில் சிவப்பும் இளநீலமும் பட்டைபட்டையாக ஓடி, பிறகு நீலமும் மஞ்சளுமாக மாறியது. இந்த நிறங்களை நான் பார்த்ததே இல்லை. எங்கள் டிவியில் எல்லாம் சாம்பல் நிறம்தானே! கண்ணெடுக்காமல் பார்த்தேன். சின்ன புரோகிராம், கால் நிமிஷத்தில் ஏறிவிட்டது.

கதை இதுதான். 1987 அக்டோபர் 9, உலகக் கோப்பை, சேப்பாக்கம். ஆஸ்திரேலியா முதலில் 268 எடுத்ததாகத்தான் கணக்கு. டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு ஃபோரை இடைவேளையில் சிக்ஸர் என்று மாற்றியதில் 270 ஆனது. கபில் தேவும் சரி என்று ஒப்புக்கொண்டார். கடைசி ஓவரில் நமக்கு 6 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். ஸ்டீவ் வாவின் ஐந்தாவது பந்தில் மனிந்தர் சிங் போல்டு. 269. ஒரு ரன்னில் தோல்வி. அன்றிரவு நாங்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் சனிக்கிழமை, அந்தக் கடைசி ஓவரை ஸ்பெக்ட்ரத்தில் எழுத உட்கார்ந்தோம். நடுவில் ஒருமுறை கரண்ட் போய், அடித்ததெல்லாம் அழிந்து, மறுபடி முதலிலிருந்து. ஏதாவது கீயைத் தட்டினால் ஒரு பந்து. 0 முதல் 7 வரை ஒரு எண் வரும், 7 வந்தால் அவுட்.

தெருப் பையன்கள் எல்லாம் ஆட வந்தார்கள். அண்ணன் பந்தயம் கட்டுவார், பன்னீர் சோடாவுக்கு. பெரும்பாலும் ஜெயிப்பார். அவருக்கு ராசியான கை என்றுதான் இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஆடினேன். 0, 0, 3, 6. ஜெயித்துவிட்டோம்! மறுநாள் மகனுக்குக் காட்ட மறுபடி ஆன் செய்து ஏற்றினேன். 0, 0, 3, 6. எனக்குச் சுருக்கென்றது. லிஸ்ட் போட்டு புரோகிராமின் வரிகளைப் பார்த்தேன். வரி 10, வரி 20, வரி 40. நோட்டின் முதல் பக்கத்தில் 30ஆம் வரி என் கையெழுத்தில் இருக்கிறது: ராண்டமைஸ். எண்களைக் கலைத்துப் போடும் கட்டளை.

அந்த வரி இல்லாவிட்டால் ஸ்பெக்ட்ரம் ஆன் செய்ததும் தரும் எண்கள் எப்போதும் அதே வரிசைதான். 0.0011, 0.0858, 0.4372, 0.7903 என்று போகும். எட்டால் பெருக்கிப் பின்னத்தைத் தள்ளினால் 0, 0, 3, 6. நாலாவது பந்தில் சிக்ஸர், தினமும், தவறாமல். ஒரு வரியை நீக்க அதன் எண்ணை மட்டும் அடித்து என்டர் தட்டினால் போதும், இரண்டு விநாடி வேலை.

ஸ்பெக்ட்ரம் சீக்கிரம் சூடாகும், கீபோர்டின் மேலேயே தெரியும். பந்தயத்துக்கு முன்னால் அண்ணன் மறக்காமல் ஆஃப் செய்து, கேசட்டை மறுபடி ஏற்றுவார்.

போன் போட்டேன். பேரனைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார் போல, கிசுகிசுவென்று பேசினார்.

"அண்ணா, 30ஆம் வரி எங்கே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சூடாயிருந்துதுடா" என்றார்.