பெரியம்மா கவலப்பட்டதுக்கும் அந்த புரோட்டீனுக்கும் சம்பந்தம் இல்ல

பெரியம்மாவுக்கு மார்புல கேன்சர்னு ரிப்போர்ட் வந்த வாரம், சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் ஒரே பாட்டு, "எல்லாத்தயும் மனசுலயே போட்டு புழுங்கிகினு இருந்தா வராம இன்னா பண்ணும்"னு. அதுக்கு மேல ஒருத்தர் வாட்ஸப்ல "ஸ்ட்ரெஸ் புரோட்டீன் தான் கேன்சர வளக்குது"ன்னு ஒரு மெசேஜ் அனுப்பி, பாத்தியா நாங்க சொன்னது சரியா போச்சுன்னாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல, பயோகெமிஸ்ட்ரி படிச்சவன்ற முறைல இத எழுதியே ஆகணும்.

அந்த ஸ்ட்ரெஸ் மனசு சம்பந்தப்பட்டது இல்லங்க. செல்லுக்கு வர்ற கஷ்டம். சூடு, ஆக்சிஜன் பத்தல, சாப்பாடு பத்தல, இதெல்லாம். 1962ல இத்தாலில ஃபெருச்சியோ ரிட்டோசான்ற விஞ்ஞானி பழ ஈயோட செல்ல பாத்துகினு இருந்தப்ப, வச்சிருந்த பெட்டில சூடு தெரியாம ஏறிப்போய் குரோமோசோம்ல புதுசா சில எடம் உப்பிகினு இருந்துது, அங்கருந்து தான் கதையே ஆரம்பம், இந்த ஸ்ட்ரெஸ் புரோட்டீனுக்கு ஹீட் ஷாக் புரோட்டீன், சுருக்கமா எச்எஸ்பின்னு பேரு வந்ததும் அதனால தான்.

வேலை இன்னான்னா, புரோட்டீன் எல்லாம் பொடவ கொசுவம் மாதிரி சரியா மடிஞ்சா தான் வேலை செய்யும். நம்ம ஊரு கத்திரி வெயில் மாதிரி சூடு ஏறினா மடிப்பு கலையும். இந்த எச்எஸ்பி 70, 90 எல்லாம் கூடவே நின்னு கொசுவத்த திருப்பி சொருகி விடும். நல்லா இருக்குற செல்லுலயே மொத்த புரோட்டீன்ல 1, 2 சதவீதம் எச்எஸ்பி 90 தான், அது இல்லன்னா நாம இல்ல.

கேன்சர் செல்லு எப்பவுமே கஷ்டத்துல தான் கீது. கண்டபடி பெருகுது, ரத்தம் எட்டாத எடத்துல மூச்சு முட்டுது, மியூட்டேஷனால, அதாவது ஜீன்ல வர்ற தப்பால, கோணலா செஞ்ச புரோட்டீன் வேற குவியுது. நியாயமா செத்துப்போவணும். ஆனா எச்எஸ்பி 90 அந்த கோணல் புரோட்டீன தாங்கி புடிச்சு வேலை செய்ய வைக்குது, கேன்சர வளக்குற ஹெர்2, ராஃப், கெட்டுப்போன பி53ன்ற புரோட்டீன் எல்லாம் அதோட தயவுல தான் நிக்குது (பெரியம்மா ரிப்போர்ட்லயும் ஹெர்2 பாசிட்டிவ்). எச்எஸ்பி 70ம், 27ம் செல்லு தானா சாவற வழிய அடைக்குது. இந்த எச்எஸ்பி எல்லாத்தயும் ஆன் பண்ற சுவிட்சு எச்எஸ்எஃப்1னு ஒண்ணு, 2007ல அமெரிக்க விஞ்ஞானி சூசன் லிண்ட்குவிஸ்ட் டீம் அத எடுத்துட்ட எலிங்கள்ல கட்டி வர்றது நல்லாவே கொறஞ்சுதுன்னு காட்டினாங்க.

அப்ப 90ஐ அடைச்சா போதுமேன்னு தோணும். நெறைய மருந்து ட்ரை பண்ணாங்க, ஈரலுக்கு கெடுதல் வந்துது, 90ஐ அடைச்சதும் எச்எஸ்எஃப்1 முழிச்சுகினு 70ஐ ஏத்தி விட்டுது. ஜப்பான்ல மட்டும் 2022ல பிமிடெஸ்பிப்னு ஒண்ணுக்கு, வயிறு குடல்ல வர்ற ஒரு வகை கட்டிக்காக, அனுமதி கெடச்சுது.

போன ஞாயித்துக்கெழம இதையே பெரியம்மாகிட்ட பொடவ கொசுவம் வச்சு சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. "அப்ப நான் கவலப்பட்டதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லியாடா"ன்னு கேட்டுச்சு. இல்ல பெரியம்மான்னேன்.

"இத உங்க அத்தைகிட்ட ஒரு தபா சொல்லுடா, நான் சொன்னா நம்பமாட்டா"ன்னுச்சு.